செம்மஞ்சள் கடுவனுக்கு ஓர் இத்தாலியப் பெயர்

கேள்வி: நாங்கள் இத்தாலியில், பலேர்மோவில் வசிக்கும் யாழ்ப்பாணக் குடும்பம். மாடிப்படியில் ஒதுங்கியிருந்த செம்மஞ்சள் பூனைக்குட்டி ஒன்றை எடுத்து வளர்க்கிறோம். கடுவன். இத்தாலியப் பெயர்தான் வேண்டும் என்று பிள்ளைகள் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். மகள் 'பெல்லா' என்கிறாள். மகன் 'பனீனி' என்கிறான். இரண்டையும் கேட்டுப் பக்கத்து வீட்டு அம்மையார் சிரிக்கிறார். ஊரிலிருந்து தொலைபேசியில் பேசும் என் அம்மாவின் வாயிலும் நுழைகிற பெயர் ஒன்று சொல்ல முடியுமா?

பதில்: அம்மையார் சிரித்ததில் நியாயம் இருக்கிறது. 'பெல்லா' என்றால் அழகி, கடுவனுக்குப் பொருந்தாது. 'பனீனி' பன்மைச் சொல். ஒரே பூனையை 'ரொட்டிகளே, வாருங்கள்' என்று கூப்பிட்டதுபோல் இருக்கும். ஒன்று என்றால் பனீனோ. உணவகப் பலகைகளில் நாம் பார்த்துப் பழகிய இத்தாலியப் பெயர்களில் பல இப்படிப் பன்மையில்தான் இருக்கின்றன. மகனுக்குத் தின்பண்டப் பெயர்தான் வேண்டும் என்றால் உங்கள் சிசிலித் தீவின் பலகாரமே இருக்கிறது: கன்னோலோ. 'கன்னோலி' என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம்.

நம் மொழியில் ரொட்டியும் கதவும் அஃறிணையோடு போய்விடும். இத்தாலியத்தில் அவற்றுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. ஓகாரத்தில் முடிந்தால் பெரும்பாலும் ஆண், ஆகாரத்தில் முடிந்தால் பெரும்பாலும் பெண். லூக்கா, அந்திரேயா, நிக்கோலா போன்ற ஆண்பெயர்கள் விதிவிலக்கு. அவற்றைத் தயங்காமல் வைக்கலாம்.

குட்டியின் நிறத்தைப் பார்த்ததும் உங்களுக்குத் தோன்றக்கூடிய பெயர் ஒன்று இருக்கிறது. பலேர்மோவில் அதை மட்டும் வைக்காதீர்கள். சோற்றை உருட்டிப் பொரிக்கும் அந்த உருண்டையைத்தான் சொல்கிறேன். சிறிய ஆரஞ்சுப்பழம் என்பது பெயரின் பொருள். கடுவன் என்பதால் 'அரன்ச்சீனோ' என்று வைப்பீர்கள். ஆனால் அது அதே தீவின் இன்னொரு நகரமான கத்தானியாவின் ஆட்கள் சொல்லும் ஆண்பால் வடிவம். பலேர்மோவில் அது 'அரன்ச்சீனா', பெண்பால். பழத்தின் பெயர் பெண்பால், உருண்டையும் பழம்போல் உருண்டையாக இருக்கிறது, பிறகென்ன என்பது உங்கள் ஊராரின் வாதம். கத்தானியாவிலோ அதை எத்னா எரிமலைபோல் கூம்பாகவும் பிடிப்பார்கள். இத்தாலிய மொழிக் கழகமான க்ரூஸ்கா இரண்டு வடிவமும் செல்லும் என்று சொல்லிப் பார்த்தது, சண்டை தீரவில்லை. டிசம்பர் 13, புனித லூசியா நாளில் ஊரே அரன்ச்சீனா தின்றுகொண்டிருக்கும்போது, நீங்கள் மாடியில் நின்று 'அரன்ச்சீனோ' என்று கூவினால் எத்தனை ஜன்னல்கள் திறக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 'அரன்ச்சீனா' என்று மாற்றினாலோ கடுவன் பெண்ணாகிவிடுவான்.

நிறத்தை விட மனமில்லையா? இத்தாலியர்கள் இந்த நிறப் பூனையைச் 'சிவப்புப் பூனை' என்றுதான் சொல்வார்கள். ஆகவே ரோஸ்ஸோ பொருந்தும். ஆனால் 'ஸ்' என்ற ஒற்றெழுத்தை விழுங்காதீர்கள். 'ரோசோ' என்றால் 'கொறிக்கப்பட்டது'. எலி பிடிக்க வேண்டியவனுக்கு அது அழகா? ஒற்று ஒன்று குறைந்தால் பொருள் மாறும் விளையாட்டு நமக்குப் புதிதல்ல. பல்லியைப் பலியாக்கவும் குட்டியைக் குடியாக்கவும் நமக்குத் தெரியும். ஆங்கிலேயர் தடுக்கி விழும் இந்த இடத்தில் தமிழ் நாக்கு தானாகவே சரியாக நடக்கும். இத்தாலியத்தில் பூனைக்குக் 'கத்தோ' என்று பெயர், சிசிலிய மொழியில் 'கத்து'. நம் வீட்டில் அந்தச் சொல்லைக் கற்றுத்தரவே வேண்டாம்.

அம்மாவையும் சேர்த்து யோசித்தால் பட்டியல் சுருங்குகிறது. பல்லீனோ இத்தாலியில் செல்லப்பிராணிகளுக்குப் பழகிய பெயர், குட்டிப் பந்து என்று பொருள். தமிழ்க் காதிலோ பல்லி விழும். ரொமேயோ இன்னொன்று. டிஸ்னியின் 'அரிஸ்டோகேட்ஸ்' படத்தில் வரும் செம்மஞ்சள் தெருப்பூனை இத்தாலிய ஒலிவடிவில் ரொமேயோ ஆகிவிட்டது, கொலோசியப் பக்கத்து ரோமாபுரிச் சண்டியராக. அதனால் அங்கே இது இயல்பான கடுவன் பெயர். ஆனால் உங்கள் அம்மா அதை 'ரோமியோ' என்று சொன்ன மறுகணமே பெண்கள் பின்னால் சுற்றும் இளவட்டம் ஒருவன் கண்முன் வருவான். குட்டி வளர்ந்தபின் அதுவும் பொருத்தமாகலாம். அதற்குமுன் கருத்தடை அறுவைக்கு நாள் குறித்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. காய்கறி, பழப் பெயர்களை அகராதியில் பார்த்து வைக்காதீர்கள். பெருஞ்சீரகக் கிழங்கின் இத்தாலியப் பெயர் ஓரினச் சேர்க்கையாளரை இழிவாகச் சொல்லும் சொல்லும் ஆகும். அத்திப்பழத்தின் பெயரில் கடைசி எழுத்து மாறினால் தெருவில் சொல்ல முடியாத சொல். எதை வைத்தாலும் முதலில் பக்கத்து வீட்டு அம்மையாரிடம் உரக்கச் சொல்லிப் பாருங்கள். அவரைவிட நல்ல நிபுணர் நானல்ல.

பூனை பெயரைக் கேட்டு வருமா என்ற சந்தேகம் உங்களுக்கு இருக்கலாம். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பூனை தன் பெயரை அதே சாயல் கொண்ட மற்றச் சொற்களிலிருந்து பிரித்து அறிகிறது. காதையோ தலையையோ திருப்பும். எழுந்து வருவது அதன் விருப்பம். ஆகவே இரண்டு அசை போதும்; தினமும் சாப்பாட்டுத் தட்டோடு சேர்த்துச் சொல்லுங்கள்.

என் தேர்வு பெப்பெ. ஜுசேப்பெ என்பதன் செல்லச் சுருக்கம்; சிசிலியில் தெருவுக்கு நான்கு பேர் இருப்பார்கள். கீழ் வீட்டில் ஜுசேப்பெ யாராவது இருந்தால் மட்டும் அவர் மனம் கோணாதபடி கேட்டுக்கொள்ளுங்கள். புனித ஜுசேப்பெ நாளான மார்ச் 19 அன்று பூனைக்கும் பெயர்நாள் கொண்டாடிவிடலாம்.

உங்கள் அம்மாவுக்கு இந்தப் பெயரைச் சொல்லிக்கொடுக்கவே வேண்டியதில்லை. நூறு முறை கூப்பிட்டும் திரும்பாமல் அவன் வாலை ஆட்டிக்கொண்டு போகும்போது, 'உனக்கும் பெப்பே, உன் அப்பனுக்கும் பெப்பே' என்று தொலைபேசியில் அவரே சொல்லிவிடுவார்.