கல்சிடானிக்: எங்கே பிரிப்பது, எங்கே அழுத்துவது?

கல்செடனி என்பது நுண்படிகக் குவார்ட்ஸ் கனிமம். அகேட், கார்னீலியன் என்ற மணிக்கற்கள் எல்லாம் அதன் வகைகள்தான். அதிலிருந்து வந்த ஆங்கிலப் பெயரடை 'கல்சிடானிக்' (chalcedonic). அதை எப்படிச் சொல்வது என்று கேட்டவர்களுக்குப் பதில்கள்.

கேள்வி: சி, ஹெச் என்று தொடங்குகிறது. 'சல்' என்றுதானே சொல்ல வேண்டும்?

பதில்: இல்லை, 'கல்'. கிரேக்க வழி வந்த சொற்களில் அந்த ஜோடி பெரும்பாலும் ககரம்தான். கெமிஸ்ட்ரி, கோரஸ் மாதிரி. உயிரொலி மட்டும் 'பேங்க்'கில் வருவதுபோல அகரத்துக்கும் ஏகாரத்துக்கும் நடுவே. இன்னும் இரண்டு 'சி' உண்டு: ஈ எழுத்துக்கு முன் நிற்பது சகரம், கடைசியில் நிற்பது மறுபடி ககரம்.

கேள்வி: எத்தனை அசை?

பதில்: நான்கு. நேர், நிரை கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள். ஓர் உயிரொலிக்கு ஓர் அசை, அவ்வளவுதான்.

கேள்வி: அகராதி டான்-இக் என்று பிரிக்கிறது. காதில் டா-னிக் என்று விழுகிறதே?

பதில்: இரண்டும் சரி. முதலாவது, வரி முடிவில் சொல்லை உடைப்பதற்கான அச்சுப் பிரிப்பு. வாய் அங்கே நிற்காது. 'உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே' என்று நன்னூல் சொன்னது இங்கேயும் நடக்கிறது.

கேள்வி: அழுத்தம் எதில்?

பதில்: நாம் சறுக்குவது இங்கேதான். எல்லா அசையையும் ஒரே கனத்தில் சொல்லிப் பழகியவர்கள் நாம். 'இக்' என்று முடியும் பெயரடைகளில் அழுத்தம் பொதுவாக அதற்கு முந்தைய அசையில் விழும். இங்கே மூன்றாவது, 'டா'. பெயர்ச்சொல்லில் அது இரண்டாவதில்: கல்-செ-ட-னி. பெயரடை ஆனதும் அந்த 'செ' மெலிந்து 'சி' ஆகிவிடுகிறது. ஆட்டம், அட்டாமிக் ஜோடியிலும் இதே நகர்வுதான். அரபிக், கேத்தலிக் மாதிரி சில சொற்கள் விலக்கு.

பழக ஒரு வழி: மருந்துக்கடை 'டானிக்'கை முதலில் சொல்லுங்கள், ஆனால் 'வண்டி'யில் வரும் மெல்லிய டகரத்தோடு. அப்புறம் 'கல்சி'யை முன்னால் லேசாக ஒட்டுங்கள்.

கேள்வி: கல்சிடோனியன் என்பதும் இதுதானா?

பதில்: அது வேறு. கி.பி. 451-ல் கால்சிடன் நகரில் கூடிய கிறிஸ்தவத் திருச்சபைச் சங்கத்தைக் குறிப்பது. அந்த ஊர் இன்று இஸ்தான்புல்லின் காடிக்கோய். அழுத்தம் 'டோ'வில்.

கேள்வி: தொடக்கத்தில் இருப்பது நம் தமிழ்க் 'கல்'லா?

பதில்: இருந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சொல் கிரேக்கம். 'சல்' என்று வாய் தவறாமல் இருக்க நம் கல் உதவும், அதோடு சரி.