சுங்குடித் திண்ணை

அன்புள்ள ஐயா,

மதுரையில் ‘சிறுபான்மை மொழிகளும் சமூக முன்னேற்றமும்’ என்று ஒரு சொற்பொழிவு கேட்டேன். சின்ன மொழியைக் கட்டிக்கொண்டு அழுதால் சமூகம் முன்னேறாது என்றார் பேச்சாளர். நான் சௌராஷ்டிரன். எழுத்தே இல்லாத எங்கள் மொழிக்காகச் சங்கத்தில் மாதம் ஒரு சொற்பொழிவு வைக்கலாமா? யாரைக் கூப்பிடலாம்? நீங்கள் வருவீர்களா?

கே.

அன்புள்ள கே.,

எழுத்தே இல்லை என்று யார் சொன்னது? 19ஆம் நூற்றாண்டிலேயே உங்கள் எழுத்தில் புத்தகம் அச்சாகியிருக்கிறது. 2008இல் கணினிக்கும் கைபேசிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடிலும் ஏறிவிட்டது. கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு இதைக்கூடப் பார்க்கவில்லை, அதற்குள் சொற்பொழிவா? சொந்த எழுத்தா, தேவநாகரியா, தமிழில் இல்லாத ஒலிகளுக்கு க-வின் தலையில் 2, 3, 4 போட்டுத் தமிழிலேயே எழுதுவதா என்ற சண்டை தனி. அதில் என்னை இழுக்காதீர்கள்.

பேச்சாளரை விடுங்கள். மொழியை வைத்துக்கொண்டேதான் உங்கள் ஆட்கள் தறியும் போட்டார்கள், நூறு வருஷத்துக்கு மேலாகப் பள்ளிக்கூடமும் நடத்துகிறார்கள்.

மகால் பக்கத்துச் சந்து ஒன்றில் நாங்கள் குடியிருந்தோம். வீட்டுக்காரப் பாட்டி மத்தியானம் திண்ணையில் உட்கார்ந்து சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுவார். துணியை விரல் நுனியில் மிளகளவு கிள்ளி, நூலைச் சுற்றி, ஒரு இழுப்பு. கட்டிய இடத்தில் சாயம் ஏறாது, அதுதான் புள்ளி. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில். கூட நாலைந்து பெண்கள். கை பாட்டுக்குக் கட்டும், வாய் பாட்டுக்குப் பேசும், எல்லாம் சௌராஷ்டிரத்தில். சாயம் காய்ந்த சேலையை இரண்டு பேர் இழுத்துப் பிடித்தால் முடிச்செல்லாம் படபடவென்று தெறிக்கும். அந்த ஆசையில் ஒருநாள் சாயத்துக்குப் போகாத துணியில் ஒரு கை முடிச்சை அவிழ்த்து வைத்தேன். பாட்டி திட்டிய திட்டு ஒரு சொல் விடாமல் புரிந்தது. அதற்கு முன் அந்த மொழியில் எனக்குத் தெரிந்தது ‘பானி’ மட்டும்.

2005இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு வந்தது. கடையில் இன்று பெரும்பாலும் அச்சுப் புள்ளிதான். முடிச்சுக்குக் கூலி கட்டாது. சரி, முடிச்சு போனது. கூடவே திண்ணையும் போனது, அந்த நாலைந்து பெண்களின் மத்தியானமும் போனது. மொழிக்கு ஒரு கூட்டம், தொழிலுக்கு ஒரு கூட்டம் என்று நீங்கள் பிரித்துப் பிரித்துப் பேசுவதுதான் எனக்கு எரிச்சல். இரண்டும் ஒரே திண்ணையில்தானே இருந்தன? 2011 கணக்கெடுப்பில் இரண்டரை லட்சம் பேர் இருக்கிறோம் என்பீர்கள். அதில் எத்தனை வீட்டில் அம்மா சௌராஷ்டிரத்தில் கேட்கிறாள், பிள்ளை தமிழில் பதில் சொல்கிறான்? நீங்கள் எந்த வீடு?

கூப்பிட்டதற்கு வருகிறேன். மேடை வேண்டாம், முடிச்சுப் போடத் தெரிந்த பாட்டி ஒருவரை உட்கார வைத்து அவர் மொழியிலேயே பேசச் சொல்லுங்கள். எனக்குப் புரியாததை உங்கள் அம்மாவிடம் கேட்டுக்கொள்கிறேன். உங்களிடம் கேட்டுப் பயனில்லை போலிருக்கிறது.