நைஸ் 19 கொடுத்தும் சர்வர் ஏன் படுத்துவிடுகிறது?

லினக்ஸ் சர்வரில் தினமும் ஓடும் ஒரு ஸ்கிரிப்ட் மெமரி முழுவதையும் எடுத்துக்கொள்கிறது, நைஸ் 19 கொடுத்தும் பயனில்லை, ஒரு புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) இவ்வளவுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று எப்படிக் கட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த 19 என்ற எண்ணைப் பார்த்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. அதே எண்ணை நம்பி 2019இல் நான் பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை.

முதலில் நைஸைப் பற்றி. சிபியூ எந்தப் புராசஸுக்கு முதலில் என்று சொல்லும் கட்டளை அது. ரேஷன் கடையில் ஒருவரை வரிசையின் கடைசியில் போய் நிற்கச் சொல்வது போன்றது அது. எத்தனை கிலோ வாங்கலாம் என்று அது சொல்வதில்லை. −20 முதல் 19 வரை எண் கொடுக்கலாம், 19 என்றால் கடைசி ஆள். ஆனால் சிபியூவுக்கு வேறு யாரும் போட்டியிடவில்லை என்றால் அந்தக் கடைசி ஆளே முழுக் கோரையும் (சிபியூவின் ஒரு கணக்கிடும் பகுதி) எடுத்துக்கொள்வார். மெமரிக்கும் நைஸுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. இது எனக்கு அன்று தெரியாது. தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அதுதான் பிரச்சினை.

அப்போது மதுரையில் ஒரு சிறிய நிறுவனத்தில் இருந்தேன். பள்ளிகளுக்குக் கட்டணம் வசூலிக்கும் மென்பொருள். ஒரே சர்வர்: நாலு கோர், 16 ஜிபி ரேம், சென்டோஸ் 7 என்ற லினக்ஸ். அதிலேயே மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ், அதிலேயே வெப் சர்வர். மைஎஸ்க்யூஎல் மட்டும் 9 ஜிபிக்கு மேல் பிடித்துவைத்திருக்கும். இரவு பேக்கப் ஸ்கிரிப்ட் டேட்டாபேஸை டம்ப் (முழு நகல்) எடுத்து, அதை நேராக எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவி மூலம் சுருக்கி வைக்கும். இடம் மிச்சமாகட்டும் என்று சுருக்கத்தை 9ஆம் நிலையில் வைத்திருந்தேன், வேகமாக முடியட்டும் என்று எல்லாக் கோர்களையும் பயன்படுத்தச் சொல்லியிருந்தேன். இரவு 2 மணிக்கு யாரும் தளத்தைப் பயன்படுத்துவதில்லை, அதனால் அது ஓடிக்கொண்டிருந்தது.

ஜூன் முதல் வாரம், திங்கட்கிழமை. பள்ளி திறக்கும் நாள். காலை பத்தரைக்கு மேலாளர் வந்து, "ஒரு சின்ன மாற்றம் ஏற்றணும், அதுக்கு முன்னாடி ஒரு பேக்கப் எடுத்துருங்க தம்பி" என்றார். பகலில் வேண்டாமே என்று ஒரு வார்த்தை சொன்னேன். அவர் அவசரப்பட்டார். "சரி சார், நைஸ் போட்டு ஓட்டுறேன், யாருக்கும் தெரியாது" என்று நானே சொன்னேன்.

நாலைந்து நிமிடத்தில் தளம் மெதுவானது. அப்புறம் சர்வரோடு தொலைவிலிருந்து இணைந்திருந்த என் எஸ்எஸ்ஹெச் திரையே உறைந்துபோனது. ஒரு எழுத்து தட்டினால் அது திரையில் வர அரை நிமிடம். ரேம் தீர்ந்து ஸ்வாப்பில் (ரேமுக்குப் பதிலாகப் பயன்படும் டிஸ்க் இடம்) பக்கங்கள் போவதும் வருவதுமாக டிஸ்க் திணறிக்கொண்டிருந்தது. கடைசியில் மைஎஸ்க்யூஎல் செத்தது. அது தானாக மறுபடி எழுந்து, பாதியில் நின்ற பரிவர்த்தனைகளைச் சரிபார்த்து முடிக்க இருபது நிமிடம் ஆனது. அதற்குள் பல பெற்றோருக்கு வங்கியில் பணம் போய்விட்டது, ரசீது வரவில்லை. பள்ளி அலுவலகங்களில் அவர்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு அம்மா எங்கள் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டு, அடகு வைத்துக் கட்டிய பணம் அது என்று அழுதார். போனை எடுத்தது நான்.

கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) பதிவைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. எக்ஸ்இசட் 9ஆம் நிலையில் ஒற்றை த்ரெட்டுக்கே (இணையாக ஓடும் வேலைகளில் ஒன்று) 674 எம்பி கேட்கும், அதன் கையேடான மேன் பக்கத்திலேயே இருக்கிறது. பல த்ரெட்டில் ஓட்டினால் ஒவ்வொன்றுக்கும் தனியாக அவ்வளவும், அதன் மேல் இடையில் தேக்கிவைக்கும் இடமும் சேரும். என் நாலு கோருக்கு 4 ஜிபியைத் தாண்டிவிட்டது. மெமரி அறவே தீர்ந்தால் கெர்னலின் ஓஓஎம் கில்லர் ஒரு புராசஸைக் கொல்லும். யார் கடைசியாக வந்து கேட்டார்கள் என்று அது பார்ப்பதில்லை, பெரும்பாலும் யார் அதிகம் வைத்திருக்கிறார்கள் என்றே பார்க்கும். 9 ஜிபி வைத்திருந்த மைஎஸ்க்யூஎல்தான் அகப்பட்டது. எக்ஸ்இசட் உயிரோடு இருந்தது.

இன்னும் மோசம், ஸ்கிரிப்ட் "பேக்கப் வெற்றி" என்று மெயில் அனுப்பியிருந்தது. டேட்டாபேஸ் செத்ததும் டம்ப் பாதியில் அறுந்தது, எக்ஸ்இசட்டோ வந்தவரை போதும் என்று கோப்பை ஒழுங்காக மூடிவிட்டது. ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்குக் கொடுக்கும் பைப்பில், கடைசிக் கட்டளையின் முடிவைத்தான் ஷெல் எடுத்துக்கொள்ளும். உங்கள் ஸ்கிரிப்டில் பைப் இருந்தால் எந்தக் கட்டளை தோற்றாலும் தோல்வி என்று சொல்லும் பைப்ஃபெயில் என்ற விருப்பத்தை இன்றே சேருங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குத் தொடர்பில்லைதான். அன்று மாலை எல்லாருக்கும் போன மெயிலில் "நிர்வாகியின் கவனக்குறைவு" என்று என் பெயரோடு இருந்தது. தவறு என்னுடையது, மறுக்கவில்லை. ஆனால் ஒரே சர்வரில் எல்லாவற்றையும் போடாதீர்கள் என்று மூன்று முறை எழுதிக் கேட்டிருந்தேன், அது அந்த மெயிலில் இல்லை. இரவு 2 மணிக்கு எழுந்து பார்த்த வேலைக்கு மாற்று விடுப்பு தருவதாகச் சொன்னது இரண்டு வருடமாக வரவில்லை, அதுவும் இல்லை. எல்லாம் ஓடும்வரை சர்வர் பார்ப்பவர் என்று ஒருவர் இருப்பதே யாருக்கும் தெரியாது. இந்த வேலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

சரி, தீர்வுக்கு வருகிறேன். அதற்குப் பெயர் சிகுரூப். கூகுள் பொறியாளர்கள் 2006இல் தொடங்கிய வேலை, 2008 ஜனவரியில் வந்த 2.6.24 கெர்னலில் சேர்ந்தது. சில புராசஸ்களை ஒரு குழுவாக்கி, அந்தக் குழு முழுவதற்கும் சேர்த்து இவ்வளவு மெமரி, இவ்வளவு சிபியூ என்று வரம்பு வைக்கலாம். குழந்தைப் புராசஸ்கள் எத்தனை பிறந்தாலும் அதே கணக்கில்தான் வரும்.

நேரடியாக சிகுரூப் கோப்புகளில் எழுத வேண்டியதில்லை, லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி பார்த்துக்கொள்ளும். ஒருமுறை மட்டும் ஓட்ட வேண்டும் என்றால் சிஸ்டம்டி-ரன் கட்டளையின் பின்னால் வரம்புகளைக் கொடுத்து, கடைசியில் உங்கள் ஸ்கிரிப்ட் பெயரை எழுதினால் போதும். தினமும் ஓடுவது என்றால், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானிலிருந்து எடுத்து ஒரு சர்வீஸ் கோப்பாகவும் டைமராகவும் மாற்றுங்கள். சர்வீஸ் பகுதியில் மெமரிமேக்ஸ் 2 ஜிபி, மெமரிஸ்வாப்மேக்ஸ் சுழியம், சிபியூகோட்டா 150 சதவீதம் என்று எழுதினால், ஒன்றரைக் கோருக்கு மேலும் 2 ஜிபிக்கு மேலும் அது போகாது. வரம்பை மீறி மெமரி கேட்டால், ஓஓஎம் கில்லர் அந்தக் குழுவுக்குள்ளேயே ஆளைத் தேடும், பக்கத்திலிருக்கும் டேட்டாபேஸைத் தொடாது. அன்று எனக்குத் தேவைப்பட்டது இந்த ஒன்றுதான். சென்டோஸ் 7இல் மெமரிமேக்ஸ் கிடையாது, மெமரிலிமிட் என்ற பழைய பெயர்தான். உபுண்டு 22.04, டெபியன் 11 போன்றவற்றில் சிகுரூப்பின் இரண்டாம் பதிப்பு இயல்பாகவே இருக்கிறது, நான் மேலே சொன்னது அப்படியே வேலை செய்யும்.

மெமரிஹை என்று இன்னொன்று இருக்கிறது. அந்த அளவைத் தாண்டினால் புராசஸைக் கொல்லாது, இழுத்துப் பிடித்து மெதுவாக்கும். கேட்க நன்றாக இருக்கும். ஸ்வாப்பை அடைத்துவிட்டு இதை மட்டும் வைத்துப் பார்த்தேன், விடுவிக்க இடமே இல்லாததால் ஸ்கிரிப்ட் சாகவும் இல்லை, முடியவும் இல்லை, மணிக்கணக்கில் ஊர்ந்துகொண்டிருந்தது. மெமரிமேக்ஸோடு சேர்த்தே வையுங்கள்.

"யூலிமிட் போதுமே, இதற்கு எதற்கு இவ்வளவு" என்று சிலர் சொல்லக்கூடும். ஷெல்லிலேயே இருக்கும் வரம்புக் கட்டளை அது. நானும் முதலில் அதைத்தான் முயன்றேன். யூலிமிட் ஒவ்வொரு புராசஸுக்கும் தனித்தனியாகக் கணக்கு வைக்கும். 1 ஜிபி என்று கட்டினால், பத்துக் குழந்தைகள் பிறந்து பத்து ஜிபி எடுக்கத் தடையில்லை. மேலும் அது பார்ப்பது முகவரி இடத்தை (நிரல் ஒதுக்கி வைக்கக் கேட்ட மெமரியை), உண்மையில் பிடித்த ரேமை அல்ல. ஜாவா போன்றவை பெரிய முகவரி இடத்தை முன்கூட்டியே ஒதுக்கிக்கொள்ளும் என்பதால் தொடங்கும்போதே விழுந்துவிடும். உண்மை ரேமைக் கட்டுவதாகச் சொல்லும் விருப்பம் இன்றைய லினக்ஸில் எந்த விளைவும் தராது. திறந்த கோப்புகளின் எண்ணிக்கைக்கு யூலிமிட் நல்லது, அதை மறுக்கவில்லை. டாக்கரில் (நிரலைத் தனிப் பெட்டிபோல் பிரித்து ஓட்டும் கருவி) போட்டால் போதும் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: டாக்கர் உள்ளே பயன்படுத்துவதும் இதே சிகுரூப்தான், அங்கேயும் வரம்பை நீங்கள் கொடுக்காவிட்டால் வரம்பு இல்லை.

உங்கள் ஸ்கிரிப்ட் என்ன செய்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. சுருக்கும் வேலை என்றால் முதலில் அந்தக் கருவியிலேயே குறையுங்கள். எக்ஸ்இசட்டின் இயல்பான 6ஆம் நிலை ஒரு த்ரெட்டில் 94 எம்பிதான் கேட்கும், நான் இப்போது அதில்தான் வைத்திருக்கிறேன். கோப்பு கொஞ்சம் பெரிதாகிறது, இருக்கட்டும். டேட்டாபேஸின் சர்வீஸ் கோப்பில் ஓஓஎம்ஸ்கோர்அட்ஜஸ்ட் −600 என்று வைத்தால் அது பலியாகும் வாய்ப்பு குறையும். −1000 வைத்தால் அதை ஓஓஎம் கில்லர் தொடவே தொடாது, ஒருவேளை டேட்டாபேஸே கட்டுமீறினால் மற்ற எல்லாம் செத்து முடியும்.

வரம்பு வைத்த பிறகு ஒருமுறை வேண்டுமென்றே சோதித்துப் பாருங்கள், மக்கள் பயன்படுத்தும் உண்மையான சர்வரில் வேண்டாம். மெமரிமேக்ஸை ஸ்கிரிப்ட் எடுப்பதைவிடக் குறைவாக வைத்து அதை ஓட விடுங்கள். மெமரி எடுக்கும் புராசஸ் 137 என்ற எண்ணோடு செத்தால் வரம்பு வேலை செய்கிறது. 128உடன் கில் சிக்னலின் 9 சேர்ந்தது அந்த 137. பிறகு 2 ஜிபிக்கு ஏற்றிவிட்டு, ஒரு வாரம், குழுவாரியாகப் பயன்பாட்டைக் காட்டும் சிஸ்டம்டி-சிஜிடாப்பில் அது உண்மையில் எவ்வளவு எடுக்கிறது என்று பார்த்து எண்ணைச் சரிசெய்துகொள்ளுங்கள்.