கூடிய எலும்பு கோணலாக நின்றால்...

கேள்வி: எனக்கு வயது 56. எட்டு மாதங்களுக்கு முன் குளியலறையில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. எலும்பு கூடிவிட்டது என்றார்கள். ஆனால் மணிக்கட்டு வளைந்து நிற்கிறது. துணி பிழிந்தால் சுண்டுவிரல் பக்கம் வலிக்கிறது. கோயிலில் தீர்த்தம் வாங்கக்கூடக் கையை ஏந்த முடியவில்லை. ஆபரேஷன்தான் வழியா?

பதில்: எலும்பு கூடியது உண்மைதான், கோணலாகக் கூடியிருக்கிறது. இப்படி விழும்போது முறிவது பெரும்பாலும் கட்டைவிரல் பக்கத்து எலும்பான ரேடியஸ். அதன் முனை இயல்பில் உள்ளங்கைப் பக்கம் சுமார் 11 டிகிரி சாய்ந்திருக்கும். முறிந்தபின் அது புறங்கைப் பக்கம் சாய்ந்து, சில மில்லிமீட்டர் குட்டையாகிவிட்டால், சுண்டுவிரல் பக்கத்து எலும்பான அல்னா நீட்டிக்கொண்டு மணிக்கட்டின் சிறு எலும்புகளை முட்டும். பிழியும்போது வலிப்பது அதனால்தான். கையைத் திருப்ப ரேடியஸ் அல்னாவைச் சுற்றிவர வேண்டும். இவ்விரண்டும் சேரும் மூட்டு பிசகியதால் உள்ளங்கை மேல்நோக்கித் திரும்ப மறுக்கிறது.

வீட்டிலேயே பாருங்கள். இரு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டி மடக்கி, இரு கைகளிலும் பென்சிலைப் பிடித்து, உள்ளங்கையை மேலே திருப்புங்கள். இரு பென்சில்களின் சாய்வில் தெரியும் வித்தியாசமே உங்கள் குறை.

வளைவு கண்ணுக்கு உறுத்துகிறது என்பதற்காக மட்டும் கத்தி வைக்க நான் சொல்லமாட்டேன். கோணல் மணிக்கட்டோடு வேலைகளைச் சிரமமின்றிச் செய்பவர்கள் உண்டு. இதுவரை முறையாகப் பிசியோதெரபி செய்யவில்லையென்றால், முதலில் இரண்டு மூன்று மாதம் அதைச் செய்யுங்கள். பயிற்சி இறுக்கத்தைத் தளர்த்தும், எலும்பை நிமிர்த்தாது. எண்ணெய் தேய்த்து முறுக்கி நேராக்குகிறேன் என்பவரிடம் கையைக் கொடுத்துவிடாதீர்கள்.

அதன்பிறகும் வலி தீராவிட்டால் ஆபரேஷனைப் பற்றி யோசிக்கலாம். பழைய முறிவிடத்தில் எலும்பை வெட்டி, நிமிர்த்தி, தகடும் திருகும் வைத்துப் பொருத்துவார்கள். இடைவெளியை நிரப்ப இடுப்பெலும்பில் சிறு துண்டு எடுப்பதும் உண்டு. சாய்வு குறைவு, நீளம்தான் சிக்கல் என்றால் அல்னாவைக் குறைத்தாலே போதும். மூட்டின் குருத்தெலும்பு தேய்ந்திருந்தால் மட்டும் கணக்கு மாறும். நிமிர்த்தினாலும் வலி போகாது. இதை முடிவுசெய்ய இரண்டு மணிக்கட்டுகளுக்கும் எக்ஸ்ரே வேண்டும், நல்ல கையையும் சேர்த்து. அதுதான் அளவுகோல்.

இரவில் கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல் மரத்துப்போனாலோ, கட்டைவிரலைத் திடீரெனத் தூக்க முடியாமல் போனாலோ காத்திருக்க வேண்டாம். முன்னது நரம்பு நெரிபடுவதன் அறிகுறி, பின்னது தசைநாண் அறுந்ததன் அறிகுறி.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. நின்ற உயரத்திலிருந்து விழுந்தே இந்த வயதில் எலும்பு முறிந்தது என்றால், எலும்பு அடர்த்திப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். அடுத்த முறை முறிவது இடுப்பாக இருக்கலாம்.