பாட்டை விமர்சிக்கும் சங்கீதச் சொற்களை எப்படிக் கற்றுக்கொள்வது?

கச்சேரி முடிந்து வெளியே வரும்போது கூட வந்தவர்கள் கமகம், பிருகா, கார்வை என்று அடுக்க, நீங்கள் "நல்லா இருந்தது" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றிருப்பீர்கள். அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் அகராதியிலிருந்து வேண்டாம், காதால் கற்றுக்கொள்ளுங்கள்.

நான் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். பள்ளியில் படித்தபோது ஒரு போட்டியில் கதனகுதூகல ராகத்தில் ஒரு கீர்த்தனை பாடினேன். சுருதி விலகவில்லை, தாளம் தப்பவில்லை. நடுவர் "கமகம் போதாது", அதாவது சுரங்களை அசைத்துப் பாடியது போதாது என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. பட்டணம் சுப்பிரமணிய ஐயர் உருவாக்கிய அந்த ராகத்தின் ஆரோகணமே, அதாவது சுரங்கள் ஏறும் வரிசையே, ச ரி ம த நி க ப ச என்று தாவித் தாவிப் போகும். சுரங்களைப் பெரும்பாலும் நேராகப் பிடித்தால்தான் அதன் துள்ளல் வரும்.

என் பாட்டு டீச்சர் நடுவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தம்புராவை மீட்டிக்கொண்டு தோடி ராகத்தின் காந்தாரத்தை, அதாவது 'க' என்ற சுரத்தை, அசைக்காமல் பாடினார். தோடியே காணாமல் போனது. அசைத்துப் பாடினார்; வந்துவிட்டது. அப்புறம் அதே அசைவைக் கதனகுதூகலத்தின் காந்தாரத்தில் போட்டுக் காட்டினார். கேட்கவே முடியவில்லை. கமகம் என்றால் என்ன என்று எனக்கு அன்றுதான் விளங்கியது.

மற்ற சொற்களும் அப்படித்தான். ஜி.என். பாலசுப்பிரமணியம் பாடிய பதிவு ஒன்றைக் கேளுங்கள். மின்னல் வேகத்தில் சுரங்கள் கொத்தாக உதிருமே, அது பிருகா. அடுத்து எம்.டி. ராமநாதன். விளம்ப காலத்தில், அதாவது மெதுவான நடையில், அந்தக் கனத்த சாரீரத்தில், ஒரே சுரத்தில் அவர் நீண்டு நிற்பது கார்வை. ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடும்போது ஒவ்வொரு முறையும் புதிதாக வளர்வது சங்கதி. "அஞ்சு கட்டையில் பாடினார்" என்றால் ஆர்மோனியத்தில் அந்தக் கட்டையை ஆதார ஷட்ஜமாக, அதாவது பாட்டுக்கு அடிப்படையான 'ச'வாக, வைத்துப் பாடினார் என்று அர்த்தம். பெண்களுக்கு அது சாதாரணம். ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரையில் பாடுவார்கள்.

"அப்படியானால் சாஸ்திரமே வேண்டாமா?" என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. என் மாணவர்களுக்கு லட்சணமும், அதாவது ராகத்தின் இலக்கணமும், சொல்லித்தருகிறேன். காதில் ஏறியபின் சொல்கிறேன், அவ்வளவுதான்.

சொல்ல வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். காது திறக்கிற வயதில்தான் பெற்றோர் "பத்தாவது வந்துவிட்டது, பாட்டை நிறுத்திக்கொள்கிறோம்" என்று பிள்ளைகளை அழைத்துப்போகிறார்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு வாரத்தில் ஒரு மணி நேரப் பாட்டு எந்த மதிப்பெண்ணைக் குறைக்கும்? பரீட்சை முடிந்ததும் திரும்ப வருவோம் என்பார்கள். பெரும்பாலும் வருவதில்லை.