யாழ்ப்பாண வெக்கையில் மிக மெதுவான மூளையலைப் பயிற்சி: திரையில் கோடு ஏன் ஒரு பக்கமாகவே ஓடுது?

கேள்வி இதுதான்: யாழ்ப்பாணத்தில் ஒரு சிறிய சிகிச்சை நிலையம். மிக மெதுவான மூளையலைகளை வைத்துப் பிள்ளைகளுக்கு நியூரோஃபீட்பேக் (மூளையலையைத் திரையில் கோடாகக் காட்டி, அதைத் தானே மாற்றப் பழக்கும் பயிற்சி) தொடங்கியிருக்கினம். கோடு நிலைக்காமல் ஒரு பக்கமாகவே போகுது. கருவி பிழையா, பிள்ளையின் மூளை அப்படியா?

அநேகமாக இரண்டும் இல்லை. தோலும், தலையில் ஒட்டும் மின்வாயும் (எலக்ரோட்) தான்.

உச்சந்தலையில் பிடிக்கப் போகும் மெதுவான மின்னழுத்தம் சில மைக்ரோவோல்ட், மிஞ்சினால் சில பத்து மைக்ரோவோல்ட். வேர்வைச் சுரப்பி வேலை செய்யத் தொடங்கினால் தோலில் வரும் மாற்றம் அதைப்போலப் பல மடங்கு. இரண்டும் ஒரே வேகத்தில் அசைகிறபடியால் ஃபில்டர் போட்டுப் பிரிக்க ஏலாது. 4 முதல் 20 ஹேர்ட்ஸ் வரை பார்க்கும் வழமையான பயிற்சியில் இந்த நழுவலை வெட்டி எறிந்துவிடலாம். இங்கே வெட்டினால் தேடி வந்த சிக்னலும் சேர்ந்து போய்விடும்.

முதலில் பிள்ளையை விட்டுவிட்டுக் கருவியைச் சோதியுங்கோ. ஒரு லீற்றர் தண்ணிக்கு 9 கிராம் உப்புக் கரைத்து, பிளாஸ்ரிக் கோப்பையில் ஊற்றி (உலோகக் கோப்பை வேண்டாம்), எல்லா மின்வாய்களையும் அதில் போட்டு 20 நிமிடம் பதிவு செய்யுங்கோ. தலை இல்லாமலே கோடு ஓடினால் பிழை மின்வாயில் அல்லது பெருக்கியில். கொஞ்ச நேரத்தில் அடங்கி நின்றால் அந்தச் செற் நல்லது.

மின்வாய் சின்ரர் செய்த (பொடியை அழுத்திச் சூடாக்கிச் செய்த) வெள்ளி–வெள்ளிக் குளோரைட்டாக இருக்கவேணும். தங்கம் பூசிய கிண்ணங்கள் மற்றப் பயிற்சிக்குப் பரவாயில்லை, இதற்குக் கூடாது, அவை முனைவாக்கம் அடையும், அதாவது மேற்பரப்பில் மின்னேற்றம் சேர்ந்து கோடு நழுவும். அதைவிட மோசம் கலப்பு: உச்சியில் வெள்ளி, காதில் தங்கம் என்று வைத்தால் நீங்கள் செய்து வைத்திருப்பது ஒரு குட்டி பற்றரி. கழுவும்போது எங்கட கிணத்துத் தண்ணியை நம்பாதேங்கோ. சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணி, காய்ந்ததும் வெள்ளையாகப் படியும். வாகனத்துக்கு ஊற்றும் பற்றரித் தண்ணி, அதாவது காய்ச்சி வடித்த தண்ணி, போதும். வெயிலில் காயவைக்கவும் வேண்டாம், வெள்ளிக் குளோரைட்டு வெளிச்சத்தில் மாறும்.

அடுத்த எதிரி தலையெண்ணெய். சனிக்கிழமை முழுகி, எண்ணெய் தடவி, வடிவாக வாரிக்கட்டி வரும் பிள்ளையின் தலையில் இம்பீடன்ஸ் (தோலுக்கும் மின்வாய்க்கும் இடையிலான மின்தடை) இறங்காது. அன்று காலை ஷாம்பூ போட்டுக் கழுவி, எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லி முதல்நாளே அம்மாவுக்கு ரெலிபோனில் சொல்லுங்கோ. உரசும் ஜெல்லால் தோலை மெதுவாகத் தேய்த்து எல்லாப் புள்ளியையும் 5 கிலோஓமுக்குக் கீழே கொண்டுவாங்கோ. ஒன்று 2, மற்றது 15 என்று நிற்கக் கூடாது. பேஸ்ட் வைத்த உடனே தொடங்காமல் 10–15 நிமிடம் விட்டால் தோலும் பேஸ்டும் சமநிலைக்கு வரும்.

பள்ளிக்கூடம் விட்டு மதிய வெயிலில் சைக்கிள் மிதித்து வந்த பிள்ளையை உடனே கதிரையில் இருத்தினால் பதிவாவது வேர்வைதான். ஏசியை அரை மணித்தியாலம் முன்னுக்கே போடுங்கோ. ஃபான் காற்று வயரில் படக்கூடாது, வயர் ஆடினால் கோடும் ஆடும். கரண்ட் போனால் லப்டொப் பற்றரியில் ஓடும், அது பிரச்சினை இல்லை. ஏசி நிற்கிறதுதான் பிரச்சினை: சற்று நேரத்தில் நெற்றி வேர்க்கும். அந்த அமர்வை அங்கேயே நிப்பாட்டுங்கோ.

இவ்வளவும் சரியென்றால் இனி ஏமாற்றுகள். பிள்ளைகள் வேணுமென்று செய்வதில்லை, புள்ளி கிடைக்கும் வழியை உடம்பு தானே கண்டுபிடிக்கும். கண் ஒரு பற்றரி, கருவிழிப் பக்கம் நேர் (பிளஸ்). கீழே பார்த்தால் உச்சியில் கோடு மறை (மைனஸ்) பக்கம் போகும். அதனால் கண்ணுக்கு மேலும் கீழும் மின்வாய் வைத்து அந்தப் பங்கைக் கழிக்கவேணும். நாக்கு நுனியும் மறை ஏற்றம் உள்ளது, வாயுக்குள் நாக்கைப் புரட்டினாலே அலை வரும். மூச்சை வேகமாக இழுத்து விட்டாலும் பெரிய மறை நகர்வு வரும். 'பிள்ளை கெட்டிக்காரன், மூன்றாம் நாளே பிடித்துவிட்டான்' என்று தோன்றினால் முதலில் அவன்ட நெஞ்சைப் பாருங்கோ.

எந்த முறை என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டு வேறு சாமான்கள் ஒரே பெயரில் விற்கப்படுது. ஒன்று, ஜெர்மனியின் ரூபிங்கன் பல்கலைக்கழகத்தில் பீர்பவுமர் குழு 1970களின் இறுதியிலிருந்து வளர்த்தது: உச்சி நடுவில் ஒரு மின்வாய், காதுக்குப் பின் எலும்பில் ஒப்பீட்டு மின்வாய், ஏறக்குறைய 8 செக்கன் முயற்சிகள், கோட்டை மறைப் பக்கம் அல்லது நேர்ப் பக்கம் தள்ளும்படி கட்டளை, இடையிடையே திரை காட்டாத முயற்சிகள். 25–30 அமர்வுகள். ஓட்டப்போட்டியில் 'ரெடி' சொல்லி வெடிக்குக் காத்திருக்கும் கணத்தில் உச்சந்தலை மறைப் பக்கம் போகும், அந்த ஆயத்தத்தைத்தான் பழக்குகிறோம்.

மற்றது அமெரிக்காவின் ஒத்மர் தம்பதியினர் பரப்பிய மிகத் தாழ் மீடிறன் (அதிர்வெண்) முறை. இரண்டு மின்வாய்க்கிடையே வேறுபாடு, கட்டளை இல்லை, நோயாளி 'தூக்கம் வருது, தலை இடிக்குது' என்று சொல்வதைக் கேட்டு மீடிறனை மாற்றுவது. கொஞ்சம் கணக்குப் பாருங்கோ: 0.01 ஹேர்ட்ஸ் என்றால் ஒரு சுற்றுக்கு 100 செக்கன். 0.0001 ஹேர்ட்ஸ் என்றால் 10,000 செக்கன், கிட்டத்தட்ட 2 மணி 47 நிமிடம். அரை மணித்தியால அமர்வில் ஒரு சுற்றுக்கூட முடியாது. ஆகவே திரையில் தெரிவது அந்தத் தாளம்தான் என்று பெற்றோரிடம் அடித்துச் சொல்வது என் பார்வையில் சரியில்லை.

கட்டுப்பாட்டுக் குழுவோடு செய்த ஆய்வுகள் முதல் முறைக்குத்தான் கூட. அதிலும் கவனக்குறைவு உள்ள பிள்ளைகளிடம் பெற்றோர் கண்ட முன்னேற்றம் ஆசிரியர் மதிப்பீட்டில் அதே அளவு தெரிவதில்லை. வகுப்பாசிரியரிடமும் படிவம் வாங்குங்கோ. வலிப்பு உள்ளவர்களுக்கு முக்கியமாகப் பழக்க வேண்டியது மறைப் பக்க நகர்வை அடக்குவதை, திசை மாறக்கூடாது. நரம்பியல் வைத்தியர் சொல்லாமல் மருந்தில் கைவைக்கவும் வேண்டாம்.

ஒவ்வொரு அமர்விலும் அறை வெப்பநிலையையும், தொடக்கத்திலும் முடிவிலும் இம்பீடன்ஸையும் கொப்பியில் எழுதுங்கோ. முடிவில் எண் தாறுமாறாக மாறியிருந்தால் அந்த நாளின் கோட்டைக் கணக்கில் எடுக்காதேங்கோ.