கேட்பதற்கு ஒரு படிப்பு – கடிதம்

அன்புள்ள அம்மா,

விருதுநகர் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில் 11 வருடமாகக் கணக்கு டீச்சராக இருக்கிறேன். வயது 38, இரண்டு பிள்ளைகள். பள்ளி விட்டதும் மாணவிகள் என்னைத் தேடி வந்து வீட்டுக் கதையெல்லாம் சொல்வார்கள். பள்ளிக் கவுன்சிலர் ஆக வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. தபால் வழியில் எம்.எஸ்சி. உளவியல் படிக்கலாம் என்றிருந்தேன். இனி முடியாது என்கிறார்கள். "உங்களுக்குத்தான் பிள்ளைகளிடம் நன்றாகப் பேச வருகிறதே, 3 மாத ஆன்லைன் சான்றிதழ் போதும்" என்கிறார் உடன் வேலை செய்பவர். வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடம் படிக்கத்தான் வேண்டுமா?

செ.

அன்புள்ள செ.,

நீங்கள் கேள்விப்பட்டது சரிதான். உளவியல் உட்படச் சுகாதாரம் சார்ந்த படிப்புகளை 2025 ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து தொலைநிலையிலோ இணையவழியிலோ நடத்தக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி சொல்லிவிட்டது. சிறு ஊர்ப் பெண்களுக்கு இது பெரிய அடி. அடுப்படியில் புத்தகத்தை விரித்து வைத்துப் படித்துத் தேறியவர்களை எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த முடிவை நான் ஆதரிக்கிறேன்.

நானும் 36 வயதில்தான் எம்.எஸ்சி. சேர்ந்தேன், பத்து வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்த பிறகு. முதல் பருவத்தில் எங்களை மூன்று மூன்று பேராக உட்கார வைத்தார்கள். ஒருவர் தன் பிரச்சினையைச் சொல்வார், ஒருவர் கவுன்சிலர், ஒருவர் குறிப்பெடுப்பார். என் முறை வந்தபோது எதிரே இருந்த தோழி தன் அப்பா கடையை மூடிய கதையைச் சொன்னாள். 12 நிமிடம். அதை ஒலிப்பதிவு செய்து, 'உம்' கொட்டியதுகூட விடாமல் எழுதி வர வேண்டும். வெர்பேட்டிம் என்பார்கள். எழுதும்போதே எனக்கு வியர்த்தது. 12 நிமிடத்தில் 9 கேள்வி, 4 அறிவுரை. அவள் அழத் தொடங்கிய இடத்தில் நான் தண்ணீர் எடுத்து நீட்டியிருக்கிறேன். மேடம் அந்த வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டு, "இந்தத் தண்ணீர் யாருக்கு?" என்று எழுதியிருந்தார்.

எனக்குத்தான். அவள் அழுவதைப் பார்க்க முடியாமல், அதை நிறுத்தத்தான் டம்ளரை நீட்டினேன். வகுப்பறையில் பத்து வருடம் செய்ததும் அதுதான் என்று அன்று இரவு விடுதியில் புரிந்தது.

இது வீடியோ பார்த்து வராது. நாம் பேசியதை இன்னொருவர் கேட்டுத் திருத்த வேண்டும். அமெரிக்காவில் கார்ல் ரோஜர்ஸ் என்ற உளவியலாளர், ஆலோசனைக்கு வந்த ஒருவருடன் நடந்த சந்திப்புகள் முழுவதையும் ஒலிப்பதிவிலிருந்து சொல்லுக்குச் சொல் எழுதி 1942இல் அச்சிட்டார். மூடிய கதவுக்குள் நடந்ததை மாணவர்கள் வரிவரியாகப் படிக்க முடிந்தது. எங்கள் வெர்பேட்டிமும் அந்த வழியில் வந்ததுதான்.

அப்புறம் சட்டம். "யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கல்ல டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்கும். ஆசிரியராக "சத்தியமா சொல்ல மாட்டேன்" என்போம். கவுன்சிலர் அப்படி வாக்குக் கொடுக்கக் கூடாது. பாலியல் கொடுமை என்று தெரியவந்தால் போலீசில் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 19ஆவது பிரிவு. மறைப்பது தண்டனைக்குரிய குற்றம். "உனக்கு ஆபத்து இருந்தால் மட்டும் சொல்ல வேண்டிவரும், அதையும் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன்" என்று முதல் நாளே சொல்ல வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தைப் பிள்ளை பயப்படாத குரலில் சொல்ல நாங்கள் வாரக்கணக்கில் பழகினோம்.

சரி, உங்கள் விஷயம். வேலையை உடனே விட வேண்டாம். மத்திய அரசின் பள்ளிக் கல்வி அமைப்பான என்சிஇஆர்டி நடத்தும் ஓராண்டு கவுன்சலிங் டிப்ளமாவில் ஆசிரியர்கள் சேரலாம். நமக்கு மையம் மைசூரு. பாதிக் காலம் வீட்டிலிருந்தே படிப்பு, பிறகு 3 மாதம் நேரடி வகுப்பு, 3 மாதம் களப்பயிற்சி. இந்த ஆண்டின் சேர்க்கை அறிவிப்பைப் பார்த்துவிட்டு, பள்ளியில் விடுப்புக் கேளுங்கள். அதை முடித்த பிறகும் ஆசை குறையவில்லை என்றால் எம்.எஸ்சி. போகலாம். சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க், ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் என்று நல்ல இடங்கள் இருக்கின்றன. எங்கே போனாலும் கட்டணத்தைக் கேட்கும் முன், "நான் பேசுவதை யார் கேட்டுத் திருத்துவார்கள், வாரம் எத்தனை மணி நேரம்?" என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராத இடத்தில் சேராதீர்கள்.

வேலைவாய்ப்பைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். தன் கீழுள்ள உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் கவுன்சிலர் வேண்டும் என்று சிபிஎஸ்இ 2018 விதிகளிலேயே எழுதிவிட்டது. ஆனால் அந்த ஒருவரையே பரீட்சைக் கண்காணிப்புக்கும் பஸ் டியூட்டிக்கும் அனுப்பும் பள்ளிகளைப் பார்த்திருக்கிறேன். பரீட்சையில் தன்னைக் கண்காணிப்பவரிடம் ஒரு பிள்ளை மனம் திறப்பது கஷ்டம். வேலையில் சேரும்போதே இதைப் பேசிவிடுங்கள்.

அதற்கு முன்னால் ஒன்று செய்து பாருங்கள். அடுத்து உங்களைத் தேடி வரும் பிள்ளையிடம் பத்து நிமிடம் அறிவுரையே சொல்லாமல் உட்காருங்கள். இரவில், பெயர் போடாமல், நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். எங்கெங்கே உங்கள் வாய் துடித்தது என்று தெரியும். எழுதியதை எனக்கு அனுப்ப வேண்டாம். அது அந்தப் பிள்ளையுடையது, படித்துவிட்டுக் கிழித்துவிடுங்கள்.

அன்புடன்.